நெருப்பு வெளியே, சூடு உள்ளே! உறைபனி இரவுகளில் வீட்டைக் காக்கும் வழிகள்

மாலை 5 மணி. ஊட்டிக்கு அருகே, பள்ளத்தாக்கில் அமைந்த ஒரு கேரட் தோட்டம். வெயில் எதிர்மலையின் உச்சிக்கு ஏறிவிட்டது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. காற்றும் இல்லை. தோட்டத்துக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்கு ராத்திரி பனி கொட்டிரும்" என்று சொல்லிக்கொண்டே, விடியற்காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டிய ஸ்பிரிங்ளர் குழாயைச் சரிபார்க்கப் போனார். மேகமும் காற்றும் இல்லாத இரவுதான் உறைபனி இரவு என்பதை மலைக்காய்கறி விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வேறு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள், 40 நாள் குழந்தையோடு உள்ளறையில் இருக்கிறாள். அதே அறையில் படுப்பவர் 75 வயதைத் தாண்டிய பாட்டி. அடுப்படியில் கவாத்து மிலாரும் விறகும் எரிந்து தணல் பூத்துக் கிடக்கிறது. அதைக் கரி அடுப்பில் அள்ளிப்போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார் பாட்டி.

"வேண்டாம் அத்தை. கதவைச் சாத்திட்டுத் தணல் வச்சா உசுருக்கே ஆபத்துன்னு நர்ஸ் அம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்கிறார் மருமகள்.

பாட்டி விடுவதாக இல்லை. "உன் புருஷனையும் அவன் அண்ணனையும் இந்தத் தணல் சூட்டுலதான் வளர்த்தேன். செத்தா போயிட்டாங்க?"

இந்தக் கேள்விக்கு மருமகளிடம் பதில் இல்லை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என மலைப்பகுதி வீடுகள் பலவற்றிலும் மார்கழி, தை மாதங்களில் எழும் கேள்விதான் இது. பாட்டி சொல்வது பொய்யும் அல்ல. ஆனால் அவர் பிள்ளை வளர்த்த வீடு வேறு, இப்போது குடியிருக்கும் வீடு வேறு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பழைய வீடு மூச்சு விட்டது

பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. ஓட்டுக்கு ஓடு இடைவெளி. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் திறப்பு. பலகைக் கதவில் விரல் நுழையும் சந்து. தணலில் இருந்து வந்த புகையும் வாயுவும் மேலே ஏறி, ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறிவிடும். குளிரும் உள்ளே வந்தது, நல்ல காற்றும் வந்தது. அந்த வீட்டில்கூடத் தணல் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. வீடு மூச்சு விட்டதால் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

இப்போது இருப்பது கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், இரும்புக் கதவு. குளிருக்குப் பயந்து கதவடியில் துணியும் செருகிவிடுகிறோம். இந்த அறைக்குள் காற்று வர வழி இல்லை, போகவும் வழி இல்லை. இதில் தணலை வைத்தால் என்ன ஆகும்?

கொழுந்துவிட்டு எரியும் விறகைவிட, புகையே இல்லாமல் சிவந்து கிடக்கும் கரிதான் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. போதிய காற்று இல்லாமல் கனலும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியேறுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமலும் வராது. புகையாவது நம்மை எழுப்பி வெளியே துரத்தும். இது துரத்தாது.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராண வாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு, பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். சுமக்கிற வண்டியில் வேறு சரக்கு ஏறிவிட்டது போலத்தான். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் பிராண வாயு போகாது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி வரும். தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே மயக்கம், மயக்கத்திலேயே மரணம். மலைப்பகுதிகளில் குளிர்காலம் தோறும் விடுதி அறையிலும், தொழிலாளர் தங்கும் கொட்டகையிலும், வீட்டிலும் இப்படி உயிர்கள் போன செய்தி வரத்தான் செய்கிறது.

இந்த வாயு காற்றைவிடச் சற்றே லேசானது. ஆனாலும் அறை முழுவதும் கலந்துவிடும். கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம். பாட்டி எந்த இரண்டு பேருக்காகத் தணல் கேட்டாரோ, அவருக்கும் அந்தக் குழந்தைக்கும்தான் அது முதல் எதிரி.

கரி அடுப்பு மட்டுமல்ல. குளிரைப் போக்குவதற்காக மூடிய அறையில் சமையல் எரிவாயு அடுப்பை எரிய விடுவது, காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போடுவது, மூடிய இடத்தில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவது எல்லாமே இந்த வகைதான். குழந்தைக்குச் சாம்பிராணி போட்ட தூபக்காலையும் மறக்கக் கூடாது. புகை போட்டு முடித்ததும் தணலோடு அதை அறையை விட்டு வெளியே வைத்துவிட வேண்டும்.

தேயிலைச் செடி சொல்லும் பாடம்

அப்படியானால் குளிருக்கு என்னதான் வழி? பதில் அவரவர் தோட்டத்திலேயே இருக்கிறது.

உறைபனிக் காலத்தில் தேயிலைச் செடிகளின் மேல் பெரணியை வெட்டிப் பரப்பி மூடுகிறோம். நாற்றங்காலுக்கு நிழல்வலை கட்டுகிறோம். பெரணி சூடு தருவதில்லை. பிறகு எப்படிச் செடி பிழைக்கிறது? பகலில் வெயிலை வாங்கிய மண்ணும் செடியும் இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடுகின்றன. மேகம் இருந்தால் அது போர்வையாக நின்று, வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத இரவில் வெப்பம் முழுதும் போய்விடுகிறது. அதனால்தான் ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும் இரவிலும் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி படிகிறது. நாம் பரப்பும் பெரணி, மேகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. இருக்கும் வெப்பத்தைப் போகாமல் பிடித்து வைக்கிறது.

வீட்டுக்கும் இதே கணக்குதான். வெப்பத்தை உண்டாக்கச் செலவு ஆகும். காப்பாற்றச் செலவு குறைவு.

நீலகிரியின் பழங்குடிகளுக்கும் மண்ணின் மக்களுக்கும் இது கைவந்த பாடம். தோடர்களின் பழைய குடிசையைப் பாருங்கள். மூங்கில், பிரம்பு, புல் கொண்டு கட்டிய அரை உருளை வடிவம். கனமான புல் கூரை. ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல். சிறிய இடத்தில் உடலின் சூடே தங்கும். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி, கனத்த பருத்தித் துணி. படுகர் ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். நடுவில் உள்ள வீட்டுக்கு இரண்டு பக்கமும் குளிர் கிடையாது. ஹட்டிகள் பெரும்பாலும் பள்ளத்தின் அடியில் இல்லாமல் சரிவிலும் மேட்டிலும் அமைந்திருப்பதும் நன்மைதான். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். புது வீடு கட்ட நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கலாம். வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த இடத்தைவிட, தெற்குப் பார்த்த சரிவு கதகதப்பானது.

பகலில் செய்ய வேண்டியவை

வீட்டைக் கதகதப்பாக வைக்கும் வேலை காலை 10 மணிக்கே தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குப் பக்க ஜன்னலும் சுவரும் அதிக வெயில் வாங்கும். அந்தப் பக்கத்து ஜன்னல்களை வெயில் ஏறியதும் திறந்து, திரையை விலக்கி, வெயிலை அறைக்குள் விட வேண்டும். போர்வை, கம்பளி, மெத்தை, தலையணை எல்லாவற்றையும் வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். ஈரம் ஏறிய போர்வை எவ்வளவு கனமாக இருந்தாலும் குளிரைத் தாங்காது.

பிற்பகல் 3 மணிக்கு மேல், வெயில் இறங்கும் முன்பே ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். பலர் குளிர் தெரிந்த பிறகு 6 மணிக்குச் சாத்துகிறார்கள். அதற்குள் பகலில் வாங்கிய சூட்டில் பெரும்பகுதி போய்விடும்.

துவைத்த துணியைப் படுக்கும் அறையில் உலர்த்தக் கூடாது. துணியில் உள்ள ஈரம் காற்றுக்கும் சுவருக்கும் ஏறும். அறை மேலும் சில்லிடும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். இருமலும் இளைப்பும் உள்ளவர்களுக்கு அந்தப் பூஞ்சணம் ஆகாது.

கூரை, கதவு, ஜன்னல்

சூடு மேலே ஏறும். ஆகவே முதல் கவனம் கூரைக்கு. தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரவு வானத்துக்கு வெப்பத்தை அள்ளிக்கொடுக்கும். அதன் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ, கெட்டித் துணியோ இழுத்துக் கட்டினால், நடுவில் அசையாமல் நிற்கும் காற்று ஒரு போர்வை ஆகிவிடும். சமையலறையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. தெர்மாகோல் எளிதில் தீப்பிடித்து நச்சுப்புகை விடும் என்பதால் அடுப்பு, விளக்கு, மின்கம்பி அருகில் அதைப் பொருத்தவே கூடாது.

கதவடிச் சந்துக்குப் பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, உள்ளே மணலோ மரத்தூளோ நிரப்பி, இரண்டு முனையையும் தைத்துக் குறுக்கே போட்டால் போதும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு, பசுமைக்குடிலில் மிஞ்சிய பாலித்தீன் ஷீட்டை உள்பக்கச் சட்டத்தில் இழுத்து ஒட்டலாம். கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வெளிச்சம் வரும், குளிர் குறையும்.

இங்கே ஒரு நிபந்தனை. சந்தை அடைத்த அறையில் எந்த நெருப்பும் கூடாது. நெருப்பு எரியும் சமையலறையில் எந்தச் சந்தையும் அடைக்கக் கூடாது. படுக்கும் அறையிலும் காற்று வீசாத பக்கத்தில், மேலே ஒரு சிறு திறப்பு இருக்க வேண்டும். நாலு பேர் விடும் மூச்சின் ஈரம் போக அது தேவை.

வீடு பெரிதாக இருந்தாலும் குளிர் கடுமையான நாட்களில் எல்லோரும் ஒரே சிறிய அறையில் படுப்பது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல், பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறது. நாலு பேர் இருந்தால் நாலு பல்பு. அந்த அறைக்கு அது செலவில்லாத கணப்பு.

மேலே போர்த்துவது பாதி, கீழே விரிப்பது பாதி

குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கணப்பு வசதி இல்லாத மலை வீட்டில் நடுஇரவில் இந்த அளவைத் தொடுவது கடினம். எனவே அறை முழுவதையும் சூடாக்கப் பாடுபடுவதைவிட, படுக்கையையும் ஆளையும் சூடாக வைப்பதே நடக்கிற காரியம்.

இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர்கிறது என்பவர்கள், அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிமென்ட் தரை உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் படுப்பவர்கள் முதலில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த கோணிப்பைகள் இரண்டு அடுக்கு, பிறகு பாய், அதன்மேல் மெத்தை என்று விரிக்கலாம். பூச்சிமருந்தோ உரமோ இருந்த சாக்கைப் படுக்கைக்குப் பயன்படுத்தவே கூடாது. கயிற்றுக் கட்டிலில் படுப்பவர்களுக்கு அடியில் இருந்தும் குளிர்காற்று ஏறும். கயிற்றின் மேல் ஒரு கனத்த கம்பளியைப் போட்டு, அதன்மேல் மெத்தை போட வேண்டும்.

உடுப்பிலும் ஒரே தடித்த சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடுப்பு மேல். நடுவில் சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நனைந்த பருத்தித் துணி உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஓரளவு ஈரத்திலும் சூடு காக்கும். கேரட் அறுத்து, கழுவி, மூட்டை பிடித்துவிட்டு வருகிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நனைந்த உடுப்பையும் காலுறையையும் மாற்ற வேண்டும். டீ அதற்கு அப்புறம். தலைக்குக் குல்லாய், காலுக்கு உலர்ந்த காலுறை இரண்டும் தூங்கும்போதும் இருக்கட்டும்.

நெருப்பை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் கொண்டுவருவதற்கும் வழி உண்டு. இரவுச் சமையல் முடிந்ததும் அந்த அடுப்பிலேயே ஒரு பானைத் தண்ணீரைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் ரப்பர் பை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இறுக மூடக்கூடிய எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, கனத்த துண்டில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போர்வைக்குள் வைக்க வேண்டும். படுக்கும்போது அதைக் கால்மாட்டுக்குத் தள்ளிவிடலாம். ஒரே எடையுள்ள கல்லைவிடத் தண்ணீர் 4, 5 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், காய்ச்சிய செங்கல்லைவிட வெந்நீரே சிறந்தது. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். அவர்கள் தோலில் படும்படி வைத்தால் தீக்காயம் ஆகிவிடும். கைக்குழந்தை அருகில் வெந்நீர் பாட்டிலே வேண்டாம்.

கைக்குழந்தைக்கும் முதியவருக்கும்

கைக்குழந்தைக்குத் தாயின் நெஞ்சுச் சூட்டைவிட நல்ல கணப்பு இல்லை. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் சொல்லித்தரும் கங்காரு பராமரிப்பு இதுதான்: தாயின் தோலோடு குழந்தையின் தோல் படும்படி மார்பில் அணைத்து, மேலே துணி போர்த்துவது. தாய்க்கு முடியாதபோது தகப்பனும் செய்யலாம். நாம் போடுவதைவிட ஒரு அடுக்கு உடுப்பு கூடுதலாகப் போட்டு, விழித்திருக்கும்போது குல்லாயும் காலுறையும் அணிவித்தால் போதும். முகத்தை மூடும்படி கனத்த கம்பளி போர்த்துவது மூச்சை அடைக்கும். குளிப்பாட்டுவதை வெயில் ஏறிய பிறகு, காற்று வராத இடத்தில் வைத்துக்கொண்டு, உடனே துவட்டிவிட வேண்டும்.

வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறன் குறையும். பாட்டி "எனக்குக் குளிரல" என்று சொன்னாலும் கையை உள்சட்டைக்குள் விட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறே சில்லிட்டிருந்தால் உடல் சூடு இறங்குகிறது என்று பொருள். பேச்சுக் குழறுவது, நடை தடுமாறுவது, குழப்பம், அதுவரை இருந்த நடுக்கம் நின்றுபோவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உலர்ந்த கம்பளியில் சுற்றி, நினைவு இருந்தால் சூடான பால் கொடுத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோய் உள்ளவர்கள் விடியற்காலையில் படுக்கையில் இருந்து எழுந்த வேகத்தில் பனிக்குள் போகக் கூடாது. மாத்திரையை விடவும் கூடாது. சாராயம் குளிருக்கு மருந்து என்பது தோட்டக் கொட்டகைகளில் ஊறிப்போன நம்பிக்கை. மது, தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்களை விரிய வைக்கிறது. அதனால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

இரவு உணவு வயிறு நிறைய இருக்க வேண்டும். உடலின் சூடு சாப்பாட்டில் இருந்துதான் வருகிறது. ராகிக் களி, பருப்பு, அவரை, முட்டை, சூடான ரசம் என்று வீட்டில் உள்ளதே போதும். படுக்கும் முன் ஒரு டம்ளர் சூடான கஞ்சி குடித்தால் முதியவர்கள் நன்றாகத் தூங்குவார்கள்.

மாட்டுக் கொட்டகையில்

நன்றாகத் தின்று, உடல் உலர்ந்திருக்கும் பெரிய மாடு மலைக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். கன்று தாங்காது. பிறந்த கன்றை உடனே துடைத்து உலர்த்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். கால் புதையும் அளவுக்குக் காய்ந்த புல்லைப் பரப்பி, நனைந்ததை அன்றாடம் அள்ளிவிட வேண்டும். கோணிப்பையில் கழுத்துக்கும் கால்களுக்கும் துளை போட்டுச் சட்டையாக மாட்டிவிடலாம். காற்று வரும் பக்கத்தில் மாட்டின் உயரத்துக்குச் சாக்குப் படுதா தொங்கவிட்டு, மேல்பகுதியைத் திறந்தே வைக்க வேண்டும். முழுவதும் மூடினால் மூத்திரத்தின் அமோனியா தங்கி, கன்றுக்குச் சளி பிடிக்கும். கொட்டகையை மூடித் தணல் வைப்பது ஆட்களுக்கு எப்படியோ, கன்றுக்கும் கோழிக்குஞ்சுக்கும் அப்படியேதான்.

அன்றைய இரவு

கேரட் தோட்டத்து வீட்டில் வழக்கு 7 மணிக்கு முடிந்தது. தணல் அடுப்படியிலேயே இருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாட்டியின் கட்டிலில் மெத்தைக்கு அடியில் இரண்டு கோணிப்பை ஏறியது. மருமகள் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பாட்டியின் கால்மாட்டில் வைத்தார். குழந்தை தாயின் நெஞ்சோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. கடைசியாகத் தோட்டத்துக்காரர் அடுப்படிக்குப் போய், மீந்த தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்தார்.

விடிந்தபோது புல் எல்லாம் வெள்ளை. பாட்டி எழுந்து உட்கார்ந்து, மருமகளைக் கூப்பிட்டார். "அந்தப் பாட்டில் இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. அந்தத் தண்ணியிலேயே முகம் கழுவிக்கிறேன். ஊத்து."

வாசகர் கேள்விகள்

கேள்வி: கரி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தால் விஷவாயு அதில் கரைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: கரையாது. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். எலுமிச்சை, உப்பு, துளசி எதை வைத்தாலும் பயன் இல்லை. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன் என்ற தைரியத்திலும் தூங்கக் கூடாது. தணல் இருக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது என்பது மட்டுமே பாதுகாப்பான விதி.

கேள்வி: மின்சார ஹீட்டர் வாங்கலாமா? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் எடுக்கும். தினமும் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். ஆகவே படுப்பதற்கு முன் அரை மணி நேரம் மட்டும் போட்டு, அணைத்துவிட்டுப் படுப்பது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல், எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். போர்வை, திரை, துணி ஆகியவை மூன்றடிக்கு அப்பால் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தகரக் கூரையில் விடியற்காலையில் மழை போலச் சொட்டுகிறது. கூரை ஓட்டையா?

பதில்: மேகம் இல்லாத நாளிலும் சொட்டினால் ஓட்டை அல்ல. மூச்சிலும் சமையலிலும் வரும் நீராவி, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அறைக்குள் துணி உலர்த்தாதீர்கள். கூரைக்கு அடியில் தட்டி கட்டினால் சொட்டுவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: தணல் வைத்த அறையில் ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கதவு, ஜன்னலை அகலத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், விரைவாக வெளியே வர வேண்டும்; தாமதித்தால் நீங்களும் விழுந்துவிடுவீர்கள். 108-ஐ அழைத்து, கரி அடுப்பு எரிந்த அறை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது ஆக்சிஜன். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி உள்ளவர்கள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யலாம். வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றக் கூடாது. அதே அறையில் படுத்திருந்தவர்கள் தெளிவாகப் பேசினாலும், வெறும் தலைவலிதான் என்று சொன்னாலும், அவர்களையும் சேர்த்தே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.